மூடிக்கிடக்கும் எங்கள் பள்ளிக்கூடத்தில் வயதானவர்களைத் தங்க வைக்கலாமா?

கேள்வி – முசிறி டீச்சர்

வணக்கம். முசிறிக்கும் தொட்டியத்துக்கும் நடுவில் ஒரு கிராமம். எங்கள் மாமனார் 1982இல் ஆரம்பித்த நர்சரி பிரைமரி பள்ளி அங்கே இருக்கிறது. நான் மருமகளாக வந்த மறு மாதமே இரண்டாம் வகுப்பு டீச்சர் ஆனேன். கடைசிப் பதினொரு வருஷம் ஹெச்.எம். ஒரு காலத்தில் 240 பிள்ளைகள் படித்த இடம். அப்புறம் டவுன் பள்ளிகளின் மஞ்சள் வேன் ஊருக்குள் வர ஆரம்பித்தது. 2023 ஜூனில் எண்ணிப் பார்த்தால் 31 பேர், அதில் நாலு பேர் எங்கள் டீச்சர்களின் பிள்ளைகள். மூடிவிட்டோம்.

கட்டடம் 'எல்' வடிவம். 20க்கு 20 அடியில் எட்டு வகுப்பறைகள். நீளக் கையில் ஐந்து, குட்டைக் கையில் மூன்று. அந்த மூன்றில் இரண்டு தகரக் கூரை, மற்ற ஆறும் ஆர்சிசி. தகரம் போட்ட இரண்டும் முன்பு கீற்றுக் கொட்டகை. 2004இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போன பிறகு கீற்றைப் பிரித்துவிட்டோம். முன்னால் எட்டடி வராண்டா, ஆபீஸ் அறை ஒன்று, போர்வெல், தண்ணீர்த் தொட்டி, இரண்டு வேப்பமரம். கழிப்பறை வரிசை மைதானத்தின் கோடியில்.

இந்த யோசனை எதனால் வந்தது என்றால், எங்கள் பள்ளியில் 26 வருஷம் ஆயாவாக இருந்தவருக்கு இப்போது 72 வயது. மகன் திருப்பூரில். போன ஐப்பசியில் ராத்திரி கொல்லைப்பக்கம் போனவர் வழுக்கி விழுந்து, பால்காரர் பார்க்கிற வரைக்கும் தூறலில் கிடந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் முடிந்து எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறார். இவரைப் போலத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பிள்ளைகள் பெங்களூர், திருப்பூர், சிங்கப்பூர். கோயம்புத்தூர்ப் பக்கம் முதியோர் வில்லா வாங்கிக்கொண்டு போகிற வசதி கிடையாது. இலவச இல்லத்துக்குப் போக மனசும் வராது. மாதம் எட்டாயிரம் ஒன்பதாயிரம் என்றால் பிள்ளைகள் பங்கு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். குளிக்க, மாத்திரை போட, எழுந்து நடக்க ஒரு கை துணை வேண்டும், அவ்வளவுதான்.

"கட்டடம் சும்மாதானே கிடக்கிறது, கட்டில் போட்டால் ஆச்சு" என்கிறார் என் கணவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிஜமாகவே செய்து பார்த்தவர்கள் இருந்தால் எதில் பணம் போகிறது, எங்கே கால் இடறுகிறது என்று சொல்லுங்கள். கையில் 14 லட்சம் இருக்கிறது.

பதில் 1 – வாழைமண்டி

டீச்சரம்மா, தப்பா நினைக்காதீங்க. காவிரிக்கரையில் ரோட்டை ஒட்டி எட்டு ரூம், மைதானம். கல்யாண மண்டபம் ஆக்கினால் முகூர்த்த நாளுக்கு நாற்பதாயிரம் நிச்சயம். இல்லையென்றால் குடோனுக்கு விடுங்கள். வயசானவங்களை வைத்துப் பார்ப்பது பெரிய பொறுப்பு, ஒருத்தர் தவறிவிட்டால் ஊரே உங்களைக் கேட்கும்.

பதில் 2 – பழைய கேஷியர்

டீச்சர், உங்கள் வீட்டுக்காரர் சொன்னதை ஏழு வருஷத்துக்கு முன்னால் நானும் சொன்னேன். கூட்டுறவு வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவன். மன்னார்குடிப் பக்கம் மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்தை நானும் இரண்டு நண்பர்களும் நீண்ட குத்தகைக்கு எடுத்தோம். இன்றைக்கு 22 பேர் இருக்கிறார்கள், மூத்தவருக்கு 91.

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சாதகமானது வராண்டா. எந்த ஆர்க்கிடெக்டும் இப்போது அதை வரைந்து தரமாட்டார், இடம் வீண் என்பார். எட்டடி அகலத்தில் இரண்டு சக்கர நாற்காலி எதிரெதிரே போகலாம். மழையிலும் நடக்கலாம். சுவர் ஓரம் முழுக்கக் கைப்பிடிக் குழாய் ஓட்டிவிடுங்கள். வகுப்பறைக் கதவும் பெரும்பாலும் இரட்டைக் கதவு, ஸ்ட்ரெச்சர் நுழையும். இதெல்லாம் இலவசமாக வந்த வரம்.

இனி காசு போகிற இடம். வராண்டா தரையிலிருந்து எத்தனை அடி உயரம் என்று முதலில் அளங்கள். எங்களுக்கு இரண்டு அடி. சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும், அதாவது 24 அடி. எங்கள் மேஸ்திரி ஒன்பது அடியில் முடித்துவிட்டு, "நல்லாத்தானே சார் இருக்கு" என்றார். அவரையே சக்கர நாற்காலியில் உட்கார வைத்துக் கீழே இறக்கினேன். மறுநாள் அவரே கடப்பாரை எடுத்து உடைத்தார்.

கழிப்பறைதான் உண்மையான செலவு. மைதானத்துக் கோடியில் இருக்கும் வரிசையை மறந்துவிடுங்கள். உங்கள் ஆயா விழுந்த கதைதான் அங்கே திரும்ப நடக்கும். ஒவ்வொரு அறைக்கும் உள்ளேயே ஐந்துக்கு எட்டடியில் ஒன்று கட்ட வேண்டும். எங்களுக்கு ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் ஆயிற்று. அதில் நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன். பழைய சிமெண்ட் தரையை உடைக்க வேண்டாம் என்று அதன் மேலேயே குழாயை ஓட்டி, குளியலறைத் தரையை ஆறங்குலம் உயர்த்தினோம். ஒரே மாதத்தில் மூன்று பேர் அந்த ஆறங்குலத்தில் தடுக்கினார்கள். அப்புறம் ஒரு பிளம்பர் பையன்தான் வழி சொன்னான்: "சார், பின்சுவரை ஒட்டிக் கட்டுங்க, பி டிராப் கம்மோடு வாங்குங்க." அந்த வகையில் கழிவு தரைக்குள் இறங்காது, சுவர் வழியாகவே வெளியே போய்விடும். குளிக்கிற தண்ணீருக்கு மட்டும் ஒரு சின்னப் பள்ளம் வெட்டினால் போதும். அறைத் தரையும் குளியலறைத் தரையும் ஒரே மட்டம்.

கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டுதான் கிடப்பார், வெளியிலிருந்து தள்ளினால் அவர் மேலேயே தள்ளுவோம். ஒரு தடவை ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவை அறுத்து எடுத்தோம், நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்தை நான் மறக்கவில்லை. இன்னொன்று, கம்மோடு பக்கத்துக் கைப்பிடியைப் புதிதாகக் கட்டுகிற நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் மாட்டாதீர்கள், ஆள் பாரம் தாங்காமல் திருகாணியோடு பெயர்ந்து வரும். பழைய ஒன்பது அங்குலச் சுவர் இருக்கிற பக்கமாகப் பார்த்துக் கம்மோடை வையுங்கள்.

ஜன்னல். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக்கூடாது என்று நாலடி உயரத்தில் வைத்திருப்பார்கள். கட்டிலில் படுத்திருப்பவருக்கு அதில் வானம்தான் தெரியும். எங்கள் ஆள் ஒருத்தர், "பகல் எது, சாயங்காலம் எதுன்னே தெரியலப்பா" என்றார். இரண்டடிக்கு இறக்கி வெட்டினோம்.

கரும்பலகையைக் கழற்றாதீர்கள். கிழமை, தேதி, மதியம் என்ன குழம்பு என்று தினமும் பெரிதாக எழுதுகிறோம். மறதி வந்தவர்களுக்கு அது பெரிய பிடிமானம். ஆனால் மணியைக் கழற்றிவிடுங்கள். தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கியது, அழகாக இருக்கிறதே என்று சாப்பாட்டுக்கும் காபிக்கும் அதையே அடித்துக்கொண்டிருந்தோம். எங்களிடம் ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார் அம்மா இருந்தார், ஞாபகம் கலைந்தவர். நாலு மணி காபிக்கு மணி அடித்தால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் போய்விடுவார், பஸ் பிடிக்க. முதலில் சிரித்தோம். ஒரு நாள் கேட் திறந்திருந்தது. தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார், கண்டக்டர்தான் இறக்கி அழைத்து வந்தார். அன்றைக்கு அவிழ்த்த மணி ஸ்டோர் ரூமில் கிடக்கிறது.

இதெல்லாம் ஒரு தடவைச் செலவு. மாதச் செலவு வேறு விஷயம். என் நோட்டிலிருந்தே போடுகிறேன். ஆளுக்கு 11,000. 22 பேருக்கு 2,42,000. உதவியாளர் ஐந்து பேர் 70,000, நர்ஸ் 18,000, சமையல்காரர் 14,000, கூடமாட ஒரு பெண் 10,000, வாட்ச்மேன் 10,000. சம்பளம் மட்டும் 1,22,000. சாப்பாடு ஆளுக்கு ஒரு நாளைக்கு 110 ரூபாய், மாதம் 72,600. கரண்ட், தண்ணீர் 16,000. துணி வெளுக்க, பினாயில், சோப்பு 8,000. ரிப்பேர், வண்டி 10,000. மிச்சம் 13,400. ஆனால் மூன்று பேர் பாதிதான் கட்டுகிறார்கள், ஆகவே 3,100 துண்டு விழும். அதைத் திதி, பிறந்தநாள் என்று யாராவது ஒரு வேளைச் சாப்பாடு போட்டு அடைக்கிறார்கள். குத்தகை அநேகமாகச் சும்மா. வாடகை கொடுப்பதானால் என்றைக்கோ பூட்டியிருப்போம். ஆக, கட்டடம் சொந்தம் என்பது உங்கள் பலம்தான், ஆனால் அது செலவில் ஒரு வரியை மட்டும்தான் அடிக்கும். பாதிக்கு மேல் சம்பளம், அதைக் கட்டடம் குறைக்காது.

ராத்திரி இரண்டு மணிக்கு யார் எழுந்து வருவார்கள் என்பதுதான் இந்தத் தொழிலே. இரண்டு பேராவது வேண்டும். ஒருத்தர் தனியாக விழுந்தவரைத் தூக்க முடியாது, தூக்கினால் அவர் முதுகும் போகும். பகல் வேலைக்கு உள்ளூர்ப் பெண்கள் வருவார்கள். ராத்திரிக்குத் தங்க நல்ல அறை கொடுத்தால்தான் வருவார்கள். ஆபீஸ் அறையை அவர்களுக்குக் கொடுங்கள், நீங்கள் வராண்டாவில் மேஜை போட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரைச் செலவில் ஒரு ஆறுதல் உண்டு. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் வந்ததிலிருந்து சுகர், பிரஷர் மாத்திரை எங்கள் ஆட்கள் பலருக்கும் அதில் வந்துவிடுகிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசிப் பெயர்களைப் பதிந்துவிடுங்கள்.

வாழைமண்டி சார் சொன்னதும் பொய்யில்லை. சாவு வரும். ஏழு வருஷத்தில் பதினாலு பேரை அனுப்பியிருக்கிறோம். சேரும்போதே யாருக்கு முதலில் போன் செய்ய வேண்டும், எந்த ஆஸ்பத்திரி, ஊருக்கு எடுத்துப் போவதா இங்கேயேவா என்று பிள்ளைகளிடம் எழுதி வாங்கிவிடுங்கள். சங்கடமாக இருக்கும். வாங்கிவிடுங்கள்.

பதில் 3 – பத்திரம் பார்க்கிறவன்

வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா நான். கேஷியர் சார் கட்டடத்தைச் சொல்லிவிட்டார், நான் காகிதத்தைச் சொல்கிறேன். டீச்சர், கட்டிலுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் பள்ளியின் டிரஸ்ட் டீடை, அதாவது அறக்கட்டளைப் பத்திரத்தை, எடுத்து நோக்கம் என்ற பாராவைப் படியுங்கள். "கல்விப் பணிக்காக" என்று மட்டும் இருந்தால் முதியோர் பராமரிப்பு அதில் அடங்காது. திருத்தும் அதிகாரம் பத்திரத்திலேயே இருந்தால் சுலபம். இல்லாமல், அது பொது அறக்கட்டளையாகவும் இருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவில் மாவட்ட நீதிமன்றம் வரை போக வேண்டி வரும்.

இடம் முழுவதும் உங்கள் மாமனார் வாங்கியதா, ஊரார் யாராவது தானமாகக் கொடுத்ததா? பழைய பள்ளிக்கூடங்களில் இதுதான் கண்ணிவெடி. "பள்ளி நடக்கும் வரை" என்று ஒரு வரி தான செட்டில்மெண்டில் ஒளிந்திருக்கும். கொடுத்தவர் போயிருப்பார், பேரன் வந்து நிற்பான்.

பள்ளியை முறைப்படி மூடியதற்கான உத்தரவு கையில் இருக்க வேண்டும், 2018ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி. பூட்டுப் போட்டால் மூடியதாகாது. அப்புறம் கட்டடத்தின் பயன்பாட்டு மாற்றம். தேசியக் கட்டட விதித்தொகுப்பில் பள்ளி ஒரு வகை. நோயுற்ற முதியோர் இல்லம் ஆஸ்பத்திரி இருக்கிற வகையில் வருகிறது. ஆகவே தீயணைப்புத் துறை புதிதாகக் கேள்வி கேட்கும். இல்லத்தை மாவட்ட சமூக நல அலுவலகத்திலும் பதிவு செய்ய வேண்டும்.

மானியம் என்று யாராவது ஆசை காட்டினால் கவனம். மத்திய அரசின் முதியோர் இல்ல மானியம் ஆதரவற்றவர்களைக் காசு வாங்காமல் வைத்துக்கொள்ளும் இல்லங்களுக்கு, அதுவும் குறைந்தது 25 பேர். நீங்கள் நினைப்பது அது இல்லை. ஜிஎஸ்டி பயம் வேண்டாம். வருமான வரிச் சட்டத்தில் அறக்கட்டளைப் பதிவு (1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 12 ஏஏ அல்லது 12 ஏபி) உள்ள அமைப்பு, 60 வயது நிறைந்தவரிடம் சாப்பாடு, தங்கல், பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 வரை வாங்கினால் விலக்கு உண்டு.

பதில் 4 – நீகாட்டா தமிழன்

ஜப்பானில் வேலை பார்க்கிறேன். இங்கே இது சர்வசாதாரணம். பிள்ளைகள் குறைந்து வருஷத்துக்குச் சுமார் 450 பள்ளிகள் மூடுகிறார்கள். 2010இலிருந்து கல்வி அமைச்சகமே காலிப் பள்ளிகளின் பட்டியலை வெளியிட்டு, யாருக்கு வேண்டும் என்று கேட்கிறது. முதியோர் பராமரிப்பு மையமாக மாறியவையும் அதில் உண்டு. நான் போய்ப் பார்த்த ஒன்றில் நீச்சல் குளத்தை மூடிக் காய்கறி போட்டிருந்தார்கள், கைகழுவும் குட்டைத் தொட்டிகளை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி முகம் கழுவ அந்த உயரம் சரியாக இருக்கிறதாம். நம் பள்ளிக்கூடத்துக் குழாயடிக்கும் அது பொருந்தும்.

ஆனால் ஒப்பிட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். 2000இலிருந்து இங்கே பராமரிப்புக் காப்பீடு இருக்கிறது. 40 வயதிலிருந்து எல்லாரும் சந்தா கட்டுகிறோம். கவனிப்புக்கு ஆகும் செலவில் முதியவர் கொடுப்பது பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு. கேஷியர் சார் நோட்டில் இருக்கும் அந்தச் சம்பளக் கணக்கை இங்கே காப்பீடுதான் தாங்குகிறது. நம் ஊரில் முதியோர் உதவித்தொகை 2023இல்தான் 1,200 ரூபாய் ஆனது, மிச்சம் பிள்ளைகளின் தலையில்.

முசிறி டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. வாழைமண்டி சார், மண்டபம் பற்றிக் கொழுந்தனாரும் சொன்னார். ஊரில் ஏற்கனவே மூன்று இருக்கிறது.

பத்திரம் பார்க்கிற தம்பி, நீங்கள் சொன்ன அதே கண்ணிவெடி! மாமனார் பெட்டியில் தேடினேன். குட்டைக் கை நிற்கிற 11 சென்ட் நிலம் ஒரு கவுண்டர் கொடுத்தது. "கல்விச் சாலை நடைபெறும் காலம் மட்டும்" என்று எழுதியிருக்கிறது. அவர் பேரன் என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்தவன், ஆனாலும் எழுத்து எழுத்துதான். டிரஸ்ட் டீடில் "கல்வி மற்றும் கிராம நலன்" என்று இருக்கிறது. திருத்த அதிகாரமும் இருக்கிறது. மாமனார் என்ன நினைத்து அந்த நலனைச் சேர்த்தாரோ.

ஆக எனக்கு நீளக் கையின் ஐந்து அறைதான் மிச்சம். அறைக்கு மூன்று பேர், ஓர் அறையைச் சாப்பாட்டுக்கு விட்டால் 12 பேர். ஒன்பதாயிரம் வாங்கினால் 1,08,000. கேஷியர் சார் கணக்கில் பார்த்தால் சம்பளத்துக்கே போதாது போலிருக்கிறதே?

பழைய கேஷியர்

12 பேரை மட்டும் வைத்து நிற்காது, சரிதான். நாங்கள் ஒன்பது பேரோடு ஓட்டிய முதல் வருஷத்தில் என் பணிக்கொடை கரைந்தது. 15க்குக் கீழே இறங்கினால் கைக்காசு போகும் என்பது என் அனுபவம்.

பகலில் மட்டும் வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் வந்து, குளித்து, சாப்பிட்டு, மாத்திரை போட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவர்கள். உங்கள் ஊரில் மகன் வாழைத்தோட்டத்துக்கும் மருமகள் வேலைக்கும் போன பிறகு தனியாகக் கிடக்கிற ஆட்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? மூவாயிரம் வாங்குங்கள். பத்துப் பேர் வந்தால் 30,000. அவர்களுக்கு ராத்திரி ஆள் வேண்டாம், மதியச் சாப்பாடும் இருக்கிற ஆட்களுமே போதும். தங்குகிறவர்களுக்கு ஒன்பதுக்குப் பதில் ஒன்பதரை. முழுநேர நர்ஸ் முதலில் தாங்காது, ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து போகிறவரைப் பாருங்கள். அந்த அளவுக்கு உடம்பு முடியாதவர்களை முதல் வருஷம் சேர்க்காதீர்கள். இல்லை என்று சொல்வது கஷ்டம், ஆனால் படுத்த படுக்கையாக ஒருத்தர் வந்தால் இரண்டு ஆளின் நேரம் அவருக்கே போய்விடும்.

ஐந்து அறையையும் ஒரே தடவையில் உடைக்க வேண்டாம். இரண்டு அறை, இரண்டு குளியலறை, சாய்தளம். மிச்சப் பணம் பாங்கியில் இருக்கட்டும், ஆறு மாதச் சம்பளத்துக்கு.

முசிறி டீச்சர்

பகல் ஆட்கள் யோசனை பிடித்திருக்கிறது. நேற்று வாசலில் உட்கார்ந்து எண்ணினோம், எங்கள் இரண்டு தெருவில் மட்டும் ஏழு பேர்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆயாவிடம் விஷயத்தைச் சொன்னேன். எந்த அறை வேண்டும் என்று சும்மா கேட்டேன். யோசிக்கவே இல்லை. "ஒண்ணாப்பு வேணாம், அதுல மத்தியான வெயில் நேரா அடிக்கும். நாலாப்புல ஐப்பசி கார்த்திகைன்னா வடக்கு மூலை ஊறும், நான்தான் சாக்கு போட்டு வைப்பேன். மூணாப்பு குடு. ஆத்துக் காத்து அங்கதான் வரும்." பதினொரு வருஷம் ஹெச்.எம். ஆக இருந்தேன், நாலாம் வகுப்பு ஊறும் என்று எனக்குத் தெரியாது. மேஸ்திரி வரும்போது அவரையும் வாக்கரோடு கூட்டிக்கொண்டு போகப் போகிறேன்.

பழைய கேஷியர்

அப்படியானால் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆரம்பியுங்கள். பின்சுவர் எத்தனை அங்குலம் என்று அளந்து போடுங்கள்.

முசிறி டீச்சர்

ஒன்பது.